நூறு புடவையும் ஒரு துண்டும்

கள்ளக்குறிச்சிக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் மூன்று விஷயம் கேட்பார்கள். எங்கே துணி எடுக்கலாம், எங்கே சாப்பிடலாம், ராத்திரி எங்கே போகலாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஜாக்கெட் பிட்டும் நூலும் விற்கிற மேட்சிங் கடையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இது தனி மாவட்டமான பிறகு வெளியூர் உத்தியோகக்காரர்கள் ஜாஸ்தி. அவர்கள் வீட்டுப் பெண்கள் நூல்கண்டு வாங்க வந்தால் இதையும் கேட்டுக்கொண்டுதான் போவார்கள். நானும் தயங்காமல் சொல்வேன். ஆனால் சொல்வதெல்லாம் அந்த அக்காவின் வார்த்தைகள். அவள் என்னைப் படுத்திய பாட்டுக்கு அவள் பேச்சு என் வாயில் வரவே கூடாது. வந்து தொலைக்கிறது.

"சாப்புடப் போறியா, மொதல்ல அந்த ஓட்டல் மொதலாளி எங்க சாப்புடுறான்னு பாரு. வூட்லேர்ந்து கேரியர் வருதுன்னா அங்க கை நனைக்காத." இது சாப்பாட்டுக்கு.

"வாசல்ல ஏசி காத்து மூஞ்சில அடிச்சா, அந்தக் கரண்டு பில்லு உன் பொடவ மேலதான் ஏறும்." இது துணிக்கு.

"ராத்திரி இந்த ஊர்ல பஸ் ஸ்டாண்டு மட்டுந்தான் முழிச்சிக்கினு இருக்கும். பரோட்டா துன்னுட்டு, சேலம் பஸ்ஸு எத்தினி போவுதுன்னு எண்ணிட்டு வந்து படு." இது மூன்றாவதற்கு.

இதையெல்லாம் சொல்லும்போது அவள் சிரிக்க மாட்டாள். பட்டுப் புடவைக்குக் குஞ்சம் கட்டுவது அவள் தொழில். முந்தானையை முன்னால் இழுத்துக் கட்டி, நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவாள். அதனால் பேச்சு பாதி பல்லுக்குள்ளேயே இருக்கும். யாரைப் பற்றியும் கெட்ட வார்த்தை வராது. யாராவது வம்பு இழுத்தால் நூலை எடுத்துவிட்டுத் தெளிவாகச் சொல்வாள்: "நான் யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன். வழிதான் சொல்லுவேன்."

அவள் வழி சொல்லி ஒழிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண கோஷ்டி ஜவுளி எடுக்க இறங்கி வந்திருந்தது. கடை காட்டக் கூடப் போன அக்கா மத்தியானம் அவர்களைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போன ஓட்டலில் சப்ளையர், "மலைக்காரங்கல்லாம் அந்தாண்ட போயி ஒக்காருங்க" என்று கை கழுவுகிற இடத்தைக் காட்டினான். அங்கே ஈ மொய்த்தது. அக்கா சண்டை போடவில்லை. அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள், கல்லாவில் இருந்தவரிடம் சாம்பார் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டும் வந்தாள். அடுத்த முகூர்த்தத்திலிருந்து மலையிலிருந்து வருகிற ஒரு வேனும் அந்த ஓட்டல் வாசலில் நிற்கவில்லை. டிரைவர்களிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: "அங்க நிறுத்தாதப்பா, ரிவர்ஸ் எடுக்க எடம் பத்தாது." அது பொய்யும் இல்லை. இடம் குறுகல்தான். இப்போது அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள்.

இன்னொரு தடவை, அருவி பார்க்க வந்த ஒரு கார்க்காரக் கூட்டம். வண்டியை விட்டு இறங்காமல் விரலைச் சொடுக்கி அவளைக் கூப்பிட்டு, "ஏம்மா, இங்க நைட் லைஃப் எதுனா இருக்கா?" என்று கேட்டார்கள். அக்கா ரொம்பப் பொறுமையாக மலைப் பாதையைக் காட்டினாள். "கரியாலூருக்குப் போங்க சார். ஏழு மணிக்கு மேலதான் நல்லாருக்கும்." ஏழு மணிக்கு மேல் அங்கே குளிரும் தவளைச் சத்தமும்தான். மறுநாள் காலையில் பசியோடு இறங்கி வந்தவர்கள் அவளைத் தேடிக்கொண்டு சந்து முழுக்கச் சுற்றினார்கள். "நட்சத்திரம் பாத்தீங்களா இல்லியா?" என்று கேட்டாள் அக்கா.

அவள் வேதக்காரி. ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போவாள். மன்னிப்பைப் பற்றி ஒரு நாள் கேட்டேன். ஏன் கேட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். "சாமியாரு மன்னிக்கச் சொல்றாரு. நானும் ஞாயித்துக்கெழம மன்னிச்சிடறேன். திங்கக்கெழம மறுபடியும் ஞாபகம் வந்துடுது, இன்னா பண்ண?" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தாளா நூலைப் பார்த்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் இருவரும் முன்பு ஒரே துணிக்கடையில் வேலை பார்த்தவர்கள். மூன்று மாடிக் கடை, பட்டு செக்‌ஷன் இரண்டாவது மாடி. வெள்ளை விரிப்பில் வாடிக்கையாளர்கள் உட்காருவார்கள். நாங்கள் காலையிலிருந்து கடை சாத்தும்வரை நிற்போம். எல்லோருக்கும் நீல நிற யூனிபாரம் புடவை. உட்கார்ந்தால் முதலாளி கேமராவில் பார்த்துவிட்டு மேலே ஏறி வருவார். வந்து திட்ட மாட்டார், சும்மா எதிரே நிற்பார். அதற்குத் திட்டே தேவலை.

பட்டு செக்‌ஷனில் பிரிப்பது பெரிய வேலையில்லை. மடிப்பதுதான் வேலை. பிரித்துப் போட்ட புடவையைப் பழைய மடிப்பு மாறாமல் மடித்து அடுக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு எல்லா மடிப்பும் ஒன்றுதான். மடிக்கிற எங்களுக்குத்தான் எது யார் கை என்று தெரியும். நான் இடக்கைக்காரி. என் மடிப்பு மட்டும் இடது பக்கம் திரும்பியிருக்கும்.

ஓர் ஆவணி முகூர்த்தக் கூட்டம். அன்றைக்குக் கடை சாத்தும் நேரத்தில் எண்ணிப் பார்த்தபோது ஒரு புடவை குறைந்தது. வெங்காயத் தோல் கலர், மாங்காய் பார்டர், அக்காவின் அடுக்கில் இருந்தது. முதலாளி மேலே வந்தார். கடைசியாகத் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் பார்த்துக்கொண்டிருக்க, அக்காவின் பையை வாங்கி வெள்ளை விரிப்பில் கவிழ்த்தார். டிபன் பாக்ஸ் விழுந்தது, மாத்திரை அட்டை விழுந்தது, ஜெபமாலை விழுந்தது. புடவை இல்லை. "காலைலயே வெளிய குடுத்து அனுப்பிச்சிருப்ப. நாளைக்கி வராத" என்றார். அக்கா குனிந்து ஜெபமாலையை மட்டும் எடுத்துக்கொண்டாள். டிபன் பாக்ஸை விட்டுவிட்டு, யூனிபாரம் புடவையோடேயே படி இறங்கிப் போனாள். அந்தப் புடவையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி இரண்டு முறை ஆள் போனது. "அதுக்கு வேல இருக்குது, தர முடியாது" என்று அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று கடை ஏறி இறங்கினாள். அவளுக்கு முன்னாலேயே சேதி போயிருந்தது. பத்து வருஷம் பட்டு காட்டியவளுக்கு இந்த ஊரில் ஒரு கடையிலும் நிற்க இடமில்லை.

தீபாவளிக் கூட்டத்தில் ஒரு அம்மாள் சிவப்புப் புடவை ஒன்றைக் கேட்டாள். அடுக்கிலிருந்து எடுத்து உதறினேன். உள்ளேயிருந்து இன்னொரு புடவை வழுக்கி விழுந்தது. வெங்காயத் தோல் கலர், மாங்காய் பார்டர். ஒன்றின் மேல் ஒன்று கிடந்த இரண்டு லேசான பட்டுப் புடவையை, கூட்ட அவசரத்தில் யாரோ சேர்த்து ஒன்றாக மடித்து வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. அந்த மடிப்பு இடது பக்கம் திரும்பியிருந்தது.

பக்கத்தில் நின்ற பெண் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. முதலாளி வந்து, "கெடச்சிருச்சில்ல, எடுத்து வை. இத யாரும் வெளியில பேசிக்கினு இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். யார் மடித்தது என்றுகூட அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா? மாட்டேன். என் வீட்டுக்காரர் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டப் போய்க் காலை உடைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார். பெண் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் காரணம்தான். ஆனால் ஒருத்தி திருடி என்ற பெயரோடு தெருவில் நடக்கும்போது, என் காரணத்தைத் தூக்கிக் குப்பையில்தான் போட வேண்டும். போடாமல் பத்திரமாக வைத்திருந்தேன்.

வேறு வழியில்லாமல் அக்கா வீட்டிலிருந்தே குஞ்சம் கட்ட ஆரம்பித்தாள். குஞ்சம் கட்ட வருகிறவர்கள் எங்கே எடுத்தால் பட்டு நன்றாக இருக்கும் என்று கேட்டார்கள். சொன்னாள். பிறகு கூடவே வரச் சொன்னார்கள். போனாள். கமிஷன் வாங்குகிறாள் என்று கடைக்காரர்கள் பேசினார்கள். ஒரு பைசா வாங்கியதில்லை. இரண்டு வருஷத்தில், அவள் முன்னால் நடக்காமல் இந்தப் பக்கத்தில் கல்யாண ஜவுளி எடுப்பது குறை என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

அப்படி ஒரு கோஷ்டியோடு அவள் எங்கள் கடைக்குள் நுழைந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பதினெட்டுப் பேர். முதலாளி, "வாங்க வாங்க" என்று எழுந்தவர், முன்னால் நின்றவளைப் பார்த்ததும் அப்படியே நின்றார். கல்யாண கோஷ்டியைத் துரத்த எந்த முதலாளிக்கும் மனம் வராது.

"எல்லாருக்கும் கலர் சோடா சொல்லுங்க மொதலாளி. கூலா இருக்கட்டும்" என்றாள் அக்கா. அவள் பையைக் கவிழ்த்த அதே வெள்ளை விரிப்பில் உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இந்தாம்மா, அந்த வெங்காயக் கலரு எடு. முந்தி பாக்கணும், முழுசா பிரி. நின்னுகினு காட்டாத, ஒக்காந்து காட்டு. எனக்குக் கழுத்து வலிக்குது."

முதலாளி எதிரிலேயே நான் உட்கார்ந்தேன். அவர் சோடா வாங்க ஆள் அனுப்பினார். நூறு புடவையாவது பிரித்திருப்பேன். கடைசியில் கூல்டிரிங்கை அடிவரை உறிஞ்சிவிட்டு அக்கா எழுந்தாள். "மனசுக்கு ஒட்டல. சும்மா போவக் கூடாது, ஒரு துண்டு போடுங்க. பை பெருசா குடுங்க." கோஷ்டி அவள் பின்னால் இறங்கி, எதிர்ச் சந்தில் இருக்கும் சின்னக் கடைக்குப் போனது. அங்கேதான் கல்யாணத்துக்கு எல்லாமும் எடுத்தார்கள்.

எனக்கு அன்று உள்ளுக்குள் சந்தோஷம். அந்த ஆளுக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். நூறு புடவையை மடித்து முடிக்கும்போது கை மரத்துப்போயிருந்தது, ஆனாலும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வந்தாள். நூறு புடவை, ஒரு துண்டு. முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு கலர் வாங்கிக் கொடுப்பார். ஒரு முறை அவள் வருவது தெரிந்து நான் லுங்கி செக்‌ஷனுக்கு மாறி நின்றுகொண்டேன். அக்கா கீழே ஆள் அனுப்பினாள். "அந்தப் பட்டு காட்ற பொண்ண வரச் சொல்லுங்க. அதுக்குத்தான் கை நல்லா ஓடும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நூறு புடவையை மடித்தது முதலாளியா, நானா? இவள் யாரிடம் பழி வாங்கிக்கொண்டிருக்கிறாள்? பக்கத்தில் நின்ற அந்தப் பெண் போய்ச் சொல்லியிருப்பாளா? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். முட்டி தேய்ந்து நான் வேலையை விடும்வரை அவள் வந்தாள், நான் மடித்தேன்.

மேட்சிங் கடைக்கு வந்த பிறகு அவளை அடிக்கடி பார்ப்பேன். குஞ்சத்துக்குப் பட்டு நூல் வாங்க வருவாள். நன்றாகப் பேசுவாள். அதுதான் எனக்கு ஆகாது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

என் பெண்ணுக்குச் சின்னசேலத்தில் சம்பந்தம் அமைந்தது. மாப்பிள்ளையின் அம்மா கறாரான மனுஷி. நிச்சயத்தன்றே சொன்னாள்: "நக கம்மியா போட்டாலும் பரவால்ல சம்மந்தியம்மா. எங்களுக்குக் குடும்பத்து பேரு சுத்தமா இருக்கணும்." நான் வெற்றிலைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள். "ஜவுளி எடுக்க அந்தக் குஞ்சம் கட்ற அம்மாவயே கூட்டிக்கினு போலாம். எங்க ஊர்ல எல்லாரும் அவுங்களத்தான் சொல்றாங்க."

வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பல்லிலிருந்து நூலை எடுத்தாள். "வரேன். உன் பொண்ணுக்கு வராம வேற யாரு பொண்ணுக்கு வரப் போறேன்?" என்றாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

நேராக அந்த மூன்று மாடிக் கடைக்குத்தான் கூட்டிப் போனாள். கலர் வந்தது. நூறு புடவை பிரிந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மடிக்கக் கை வைத்தாள். "நீ இரும்மா. இவங்க மடிப்பாங்க. இவங்க மடிப்பே தனி" என்றாள் அக்கா.

நான் மடித்தேன். சம்பந்தி வீட்டார் எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்னா சம்மந்தியம்மா, ஒங்களுக்கு இடக் கையா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. எனக்கு நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. அக்கா இப்போது சொல்வாள், அடுத்த புடவைக்குச் சொல்வாள் என்று ஒவ்வொரு மடிப்பிலும் காத்திருந்தேன். அக்கா ஒன்றுமே சொல்லவில்லை. வழக்கம்போல ஒரு துண்டு வாங்கினாள். அதைப் பிரித்து என் மடியில் போட்டாள். "மொகத்தத் தொடச்சிக்க."

பிறகு எதிர்ச் சந்துக் கடையில் என் பெண்ணுக்கு அரக்கு நிறத்தில் ஒரு புடவை எடுத்துக் கொடுத்தாள். அந்த மாதிரி ஒரு புடவையை நான் பட்டு செக்‌ஷனில் இருந்த காலத்திலும் தொட்டதில்லை. மெஸ்ஸில் எல்லோரையும் உட்கார வைத்து, சம்பந்தி அம்மாவுக்குக் கத்தரிக்காய் ஆகாது என்று கேட்டு வைத்துக்கொண்டு வேறு பொரியல் போடச் சொன்னாள். குஞ்சம் கட்டப் புடவையை எடுத்துக்கொண்டு போனாள். முடிந்துவிட்டது, மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். சம்பந்தம் தப்பியது என்று கோயிலில் சூடம்கூட ஏற்றினேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மண்டபத்தில், பெண் அறைக்குப் புடவையை அவளே கொண்டு வந்தாள். தட்டில் வைத்துவிட்டு வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து காபி வாங்கிக்கொண்டாள். "குஞ்சம் பாக்கலாம்" என்று மாப்பிள்ளையின் அம்மா புடவையை எடுத்தாள். அவள் கையில் இருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மடிப்பு இடது பக்கம் திரும்பியிருந்தது. என் மடிப்பு, அச்சு அசல். ஆனால் நான் மடிக்கவில்லை.

"நான் பிரிக்கிறேன், குடுங்க" என்றேன். அதற்குள் அவள் உதறிவிட்டாள்.

உள்ளேயிருந்து இன்னொரு புடவை வழுக்கித் தரையில் விழுந்தது. நீலம். துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்ட பழைய யூனிபாரம்.

அறையில் இருந்த அத்தனை பெண்களும் குனிந்து பார்த்தார்கள். "இது இன்னா, உள்ள வேற பொடவ? யாருது?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. என் பெண் என்னைப் பார்த்தாள். நான் வாசல் பக்கம் பார்த்தேன்.

"அக்கா" என்றேன்.

அக்கா காபியை ஒரு வாய் குடித்தாள். "என்ன ஏம்மா பாக்கற? நான் யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன். வழிதான் சொல்லுவேன்."

பாவி, இந்த நேரத்தையா பார்த்து வைத்திருந்தாய் என்று நெஞ்சு கொதித்தது. இன்றைக்கும் கொதிக்கிறது. ஆனால் அந்த ஆவணியில் அவளுக்கு யார் நேரம் பார்த்தார்கள்? நீலப் புடவையைத் தரையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சொன்னேன். கடை, கூட்டம், வெங்காயக் கலர், கவிழ்த்த பை, ஜெபமாலை, தீபாவளிக்குக் கிடைத்தது, முதலாளி வாயை மூடச் சொன்னது, நான் மூடிக்கொண்டது. "இந்த அக்கா திருடல. நான்தான் தப்பா மடிச்சேன். தெரிஞ்சும் சொல்லல" என்று முடித்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா அரக்குப் புடவையை முழுக்க உதறி, உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்தாள். பிறகு அதைத் தன் கையாலேயே வலப்பக்கமாக மடித்துத் தட்டில் வைத்தாள். "கல்யாணம் முடியட்டும் சம்மந்தியம்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்றாள்.

அக்கா காலி டம்ளரை நாற்காலிக்குக் கீழே வைத்தாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"பந்தி போட்டுட்டாங்களான்னு யார்னா பாருங்க" என்றாள். "மொத பந்தியிலயே ஒக்காந்துடுங்க. ரெண்டாம் பந்தியில வட இருக்காது."

சொல்லிவிட்டு அவளே முன்னால் நடந்தாள். அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து அவள் பின்னால் போனார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் போனாள்.

நான் தனியாக உட்கார்ந்து அந்த நீலப் புடவையை மடிக்கப் பார்த்தேன். வலப்பக்கமாக மடிக்கக் கை வரவில்லை.